வாய் மூடி மலையேறுகிறவர்கள்

ஏற்றத்தில் வாயை மூடிக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறவன் திருடன். இது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். ஐரோப்பாவில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிற எவனுக்கும் அவர் வைத்திருந்த சோதனை இது ஒன்றுதான். ரத்தம் எடுக்க வேண்டாம், மூத்திரம் பிடிக்க வேண்டாம், வாயைப் பார்த்தால் போதும் என்பார்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் மதியம் வரை வேலை இல்லை. முந்தின நாள் பந்தயத்தின் மறு ஒளிபரப்பை அந்த நேரத்தில்தான் பார்ப்பார். முடிவை யாரும் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. மதிய ஷிப்டு வரும் வாரங்களில் காலையில் நானும் வீட்டில் இருப்பேன். யார் ஜெயித்தது என்று கைப்பேசியில் ஏற்கெனவே பார்த்திருப்பேன். தெரிந்தும் தெரியாத மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவருக்குச் செய்த பெரிய மரியாதை அதுதான். மற்ற எதிலும் என் வாய் சும்மா இருந்ததில்லை.

"பாரு, பாரு. பக்கத்துல போறவனுக்கு நாக்கு வெளிய தள்ளுது. இவன் வாய் மூடியிருக்கு பாரு."

"மூக்கால மூச்சு விடுறான். நல்ல பழக்கம்தானே?"

"அந்த ஏத்தத்துல மூக்கால விடுறானா? நீ கீழேருந்து நம்ம வீட்டுக்கு ஏறி வந்து மூக்கால விட்டுக் காட்டு, பாப்போம்."

ஈப்போவில் எங்கள் வீடு லிப்ட் இல்லாத அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. அரிசிப் பையோடு ஏறி வந்தால் எனக்குக் காது வழியாகவும் மூச்சு வரும். அதனால் வெங்காயத்தையே உரிப்பேன்.

தொடக்கத்தில் அவர் இப்படிச் சந்தேகப்படுகிறவராக இல்லை. ஒருவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். அவன் படம் எங்கள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. கல்யாணப் படம் பெட்டிக்குள் கிடந்தது, அவன் கதவில் தொங்கினான். பிறகு ஒரு நாள் அவனே தொலைக்காட்சியில் உட்கார்ந்து, ஆமாம், ஊசி போட்டுத்தான் ஓட்டினேன் என்று சொன்னான். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. என் வீட்டுக்காரர் கத்தவில்லை. எழுந்து போய்ப் படத்தைக் கழற்றினார். கிழிக்கவும் இல்லை. வேனுக்குள் ஏறும் இடத்தில் மிதியடிக்குக் கீழே விரித்துவிட்டார். அது நைந்து போகும்வரை பள்ளிப் பிள்ளைகள் தினமும் அவனை மிதித்துக்கொண்டு ஏறினார்கள்.

அன்றிலிருந்து எல்லாரும் திருடன்கள். ஜெயித்தவன் திருடன், இரண்டாவதாக வந்தவன் குறைவாகத் திருடியவன். மருத்துவர் கடிதத்தோடு மருந்து எடுக்க அனுமதி வாங்கி ஓட்டுகிறவர்கள் மீதுதான் அவருக்குப் பெரிய ஆத்திரம். "எம்.சி. போட்டு ஓட்டுறானுங்க" என்பார். நாம் வேலைக்குப் போகாமல் இருக்க டாக்டரிடம் எம்.சி. சீட்டு எடுப்போம், அவன்கள் ஜெயிப்பதற்கு எம்.சி. எடுக்கிறான்கள் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

"எல்லாவனும் திருடன்னா அப்புறம் எதுக்கு உக்காந்து பாக்குறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எவனாச்சும் ஒருத்தன் சுத்தமா இருப்பான்ல. அவன் கடைசிலதான் வருவான். அவனுக்குக் கை தட்ட ஒரு ஆள் வேணாமா?"

சொன்னபடி தட்டவும் செய்வார். ஜெயித்தவன் பூங்கொத்து வாங்கி முடித்து, கூட்டம் கலைகிற நேரத்தில், முகமெல்லாம் உப்புப் படிந்து, வாயைப் பிளந்துகொண்டு ஒருவன் வருவான். வர்ணனை செய்கிறவர்கள்கூட அவனைக் கவனிக்கமாட்டார்கள். எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து இவர் ஒருத்தர் கை தட்டுவார். எனக்கு அவரைப் பிடித்த இடம் அதுதான். அவரிடம் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் ஓட்டுவார். ஐந்தாறு பேர் கொண்ட கூட்டம், எல்லாருக்கும் தொப்பை. ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் தாண்டி கோப்பேங் வரை போய், அங்கே தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். வழியில் ஒரு பழைய ரப்பர் தோட்டம், இப்போது முழுக்கச் செம்பனை. அதைத் தாண்டியதும் ஊர்ப் பெயர்ப் பலகை வரும். அதுதான் எல்லைக்கோடு. பலகையை யார் முதலில் தொடுகிறார்களோ அவர்தான் அந்த வார ராஜா. பரிசு எதுவும் கிடையாது. கடையில் சுவரோரம், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவருக்கு. அந்த நாற்காலிக்காக ஐம்பது வயது ஆட்கள் உயிரைக் கொடுத்து மிதிப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் டயர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த கிறிஸ்தவர். என் வீட்டுக்காரருக்கு மச்சான் முறை வைத்துக்கொண்ட நண்பர், அதனால் நான் அவருக்குத் தங்கச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லாரையும் விட்டுவிட்டுப் பறந்து போய்ப் பலகையைத் தொட்டார். என் வீட்டுக்காரர் நேராகப் போய் அவருடைய தண்ணீர்ப் புட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். தொங்காட் அலி கோப்பி. ஆம்பளைக்குச் சக்தி என்று கடைகளில் பாக்கெட்டில் விற்பார்களே, அது.

"கோப்பிதான்லா மச்சான்!"

"கோப்பின்னா கடையில குடி. புட்டியில எதுக்கு ஒளிச்சு எடுத்தாந்த?"

மூன்று மாதத் தடை போட்டார். தடை என்றால், கூட ஓட்டலாம், சாப்பிடலாம். பலகை கண்ணில் பட்டதும் பிரேக் பிடித்து இறங்கி, எல்லாரும் தாண்டிய பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். டயர் கடை அண்ணன் மூன்று மாதமும் ஒழுங்காகத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த விஷயத்தில் அவர்கள் எல்லாருமே பைத்தியங்கள்.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, அவருக்கு நெடுநாளாக இருந்தது. அது கிட்னியைத் தின்று முடித்தது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் கழுவப் போக வேண்டும் என்றார்கள். இடது கையில் வெட்டி, நரம்புகளைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே குர்ரென்று ஓடும், தூரத்தில் மோட்டார் போகிற மாதிரி. டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாள் இருப்பேன் என்பதல்ல. சைக்கிள் ஓட்டலாமா என்பதுதான். மெதுவாக, அந்தக் கையில் பாரம் விழாமல், அடிபடாமல் ஓட்டலாம் என்றார் டாக்டர். வேன் ஓட்டத்தைக் காலை நேரத்துக்கு மட்டும் என்று குறைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை.

எத்தனை நாள் என்ற கேள்வியை நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வாசலோடு நின்றுகொண்டிருந்தது. இருவரும் அதைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தோம்.

ஒரு நாள் ரத்தம் கழுவும் இடத்திலிருந்து அவரை அழைத்துவரப் போனபோது அங்கே இருக்கும் நர்ஸ் மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பீடோர்ப் பெண், கெட்டிக்காரி.

"ஆண்ட்டி, அங்கிளுக்கு ரத்தம் ரொம்பக் குறைஞ்சு போச்சு. ஊசி போடணும். போன வாரமும் வேணாம்னாரு, இன்னைக்கும் வேணாங்குறாரு. கொஞ்சம் சொல்லுங்கலா."

"ஊசிக்குப் பயமா? வாரம் மூணு நாளு கையில ஆணி மாதிரி குத்துறீங்க, ஒண்ணும் சொல்லமாட்டாரே."

"அதான் எனக்கும் புரியல. ஈ.பி.ஓ. போடப் போறேன் அங்கிள்னு சொன்னேன். உடனே சட்டைய இறக்கிட்டாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மூன்று எழுத்தை என் வீட்டுக் கூடத்தில் நான் கேட்காத பந்தயக் காலமே கிடையாது. ரத்தத்தில் சிவப்பைக் கூட்டுகிற மருந்து. சிவப்பு கூடினால் மூச்சுத் திணறாது, ஏற்றத்தில் வாய் மூடியிருக்கும். கதவில் தொங்கியவன் போட்டதும் அதுதான்.

காரில் ஏறியதும் கேட்டேன். அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இத்தன வருஷமா அவனுங்கள என்னென்ன சொல்லியிருக்கேன்?"

"அவனுங்களுக்குக் கேக்கவே இல்லையே! நீங்க கத்துனது கீழ் வீட்டுக்குத்தான் கேட்டுச்சு!"

"எனக்குக் கேட்டுச்சுல."

"சரி, உங்களுக்குத் தேவைன்னு டாக்டர் சொல்றாரு."

"அவனுங்க டாக்டரும் அப்படித்தான் சொன்னாங்க."

சாலை ஓரத்தில் நிறுத்தி அவரை இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தது. போகவில்லை. இறங்கி நடக்கிற நிலையில் அவர் இல்லை.

அடுத்து வந்த வாரங்களை நான் மறக்கமாட்டேன். உதடு வெளுத்துப்போனது. அவ்வளவு வெயிலிலும் குளிருது என்று வேனில் ஏர்கோனை அணைத்து, பிள்ளைகளிடம் திட்டு வாங்கினார். மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறந்தே இருந்தது. மீன் மாதிரி.

"ரொம்பச் சுத்தமா இருக்கீங்க. வாய் எவ்ளோ பெருசாத் திறந்திருக்கு பாருங்க" என்றேன்.

அவர் சிரிக்க முயற்சி செய்தார். மூச்சு போதவில்லை. அப்படிச் சொன்னதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன்.

டாக்டர் வேறு வழி சொன்னார். ஊசி வேண்டாமென்றால் வேறு ஆளின் ரத்தம் ஏற்றலாம். இவர் தலையை ஆட்டினார். "அதுவும் அதே கேஸ்தான் டாக்டர். ரத்தம் ஏத்திட்டு ஓட்டுனவனுங்களும் இருக்கானுங்க." அந்த டாக்டர் இளவயது. எந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

எனக்கு வந்த கோபம் அவர் மேல் பாதிதான். மீதி அந்தப் பந்தயக்காரர்கள் மேல். யோசித்துப் பாருங்கள். இது கிட்னி போனவர்களுக்கு உதவுகிற மருந்து. படி ஏற முடியாதவன் படி ஏறுவதற்கு. மலை ஏறத் தெம்பு இருக்கிறவன், நுரையீரல் இரண்டும் துருத்தி மாதிரி இருக்கிறவன், அதை எடுத்துத் தன் உடம்பில் குத்திக்கொண்டான். குத்திக்கொண்டு, பெயரையும் நாசம் பண்ணிவிட்டான். ஈப்போவில் ஒரு வேன்காரன் தன் மருந்தைத் தானே போட்டுக்கொள்ள வெட்கப்படுகிற அளவுக்கு நாசம் பண்ணிவிட்டான். கோப்பைகளைத் திருப்பி வாங்கினார்களாம். என் வீட்டுக்காரரின் உதட்டு நிறத்தை யார் திருப்பித் தருவது?

தொழிற்சாலையில் கையுறைகளுக்குக் காற்று ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் பிரிவின் வேலை. அன்று ஊதி வீங்கிய கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டாக்டர் சொல்லியாயிற்று, மிஸ்ஸி சொல்லியாயிற்று, நானும் கத்தியாயிற்று. இது மருந்துப் பிரச்சினை இல்லை, பலகைப் பிரச்சினை என்று எனக்குத் தோன்றியது. வேலை முடிந்ததும் நேரே டயர் கடைக்குப் போனேன்.

அண்ணன் ஒரு லாரிச் சக்கரத்துக்குள் பாதி உடம்பை விட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மடையன்லா இவன்" என்றார். "ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வா தங்கச்சி. சைக்கிள் வேணாம். வேன்லயே வா."

ஞாயிற்றுக்கிழமை நான்தான் வேனை ஓட்டினேன். பலகையைத் தாண்டும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடையில் எல்லாரும் வேர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே அன்று யாரும் உட்காரவில்லை. இரும்புக் கடை வைத்திருக்கும் சீனர் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. முதலாளி என்ற அர்த்தத்தில் தவுக்கே என்று கூப்பிடுவோம். தோட்டத்துப் பக்கத்தில் வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். என் வீட்டுக்காரருக்கு முன்னால் அரைக் கிளாஸ் தே தாரிக், இழுத்து ஆற்றிய தேநீர், வந்தது. கிட்னி போனவர் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று கடைக்காரருக்கும் தெரியும்.

டயர் கடை அண்ணன் கரண்டியால் மேசையைத் தட்டினார்.

"மச்சான், உன் மேல ஒரு கேஸ் வந்திருக்கு. ஈ.பி.ஓ. எடுக்கப் போறதா தகவல்."

"எடுக்கல. வேணாம்னுட்டேன்."

"எடுக்கப் போற. தங்கச்சி சொல்லியாச்சு. அதனால தீர்ப்ப இப்பவே சொல்லிடுறோம். அந்தப் போர்டுக்குத் தடை."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

"எம்.சி. இருக்குன்னு விட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

"எம்.சி.யா? உனக்கா?" என்றார் தவுக்கே. "எம்.சி. போட்டு ஓட்டுறவன நீ என்ன பேச்சுப் பேசுன? எம்.சி.லாம் இங்க செல்லாது. நாலு வருசம் லா. டிவில அப்படித்தான் போடுறான்."

"நாலு ஜாஸ்தி" என்றார் இவர். உடனே பேரம் தொடங்கிவிட்டார். "மொதத் தடவ. ஒளிக்கல. நானே வந்து உக்காந்திருக்கேன். ரெண்டு வருஷம் போதும்."

"ஒரு பாக்கெட் கோப்பிக்கு எனக்கு மூணு மாசம் போட்டேல்ல? அந்தக் கணக்குல பாத்தா உன்னத் தூக்குல போடணும்."

"கோப்பிய ஒளிச்சு எடுத்தாந்தே. அது வேற."

"சரி, மூணு."

"பத்து" என்றேன் நான்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கடையில் நான் அதுவரை வாயைத் திறக்கவில்லை.

"பத்து வருஷம் போடுங்க."

"என்ன தங்கச்சி, எங்கள விட உனக்குக் கோவமா இருக்கு?"

"ஆமா, கோவம்தான். பத்து வருஷம் இவரு அந்தப் போர்டுக்கு முன்னால இறங்கித் தள்ளிட்டு வரணும். ஒரு வாரம்கூட மட்டம் போடக் கூடாது. பத்து முடிஞ்சு, தடையும் முடிஞ்சு, இவரு போயி அதத் தொடணும். நான் நின்னு பாப்பேன்."

டயர் கடை அண்ணன் தன் கிளாஸுக்குள் எதையோ தேடினார். தவுக்கே எழுந்து போய்க் கறி வாங்கி வந்தார், அவர் தட்டில் ஏற்கெனவே கறி இருந்தது.

"எட்டு" என்றார் என் வீட்டுக்காரர். என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பத்து."

"பத்து வருஷத்துல எனக்கு அறுவத்தாறு ஆயிடும்."

"ஆகட்டும்."

அவர் அரைக் கிளாஸ் தேயைக் கையில் எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார். "சரி" என்றார். "பத்து."

அதற்குப் பிறகு ரத்தம் கழுவப் போன நாளில் நான் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே இருந்தேன். எனக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை. கழுவி முடிந்ததும் மிஸ்ஸி சிரஞ்சோடு வந்தாள், வரும்போதே முகத்தில் ஒரு தயக்கம். இவர் தானாகச் சட்டையைத் தூக்கினார்.

"போடுங்க மிஸ்ஸி. பத்து வருஷம் வாங்கிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "போடும்மா, அது வேற கதை" என்றேன். சின்ன ஊசி. இவ்வளவு சின்ன ஊசிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று இருந்தது.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. சில வாரங்கள் ஆயின. முதலில் ஏர்கோனை அணைப்பதை நிறுத்தினார். பிறகு உதட்டில் நிறம் வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக் கீழே இறக்கினார். நான் வேனில் பின்னாலேயே போனேன். செம்பனைகளைத் தாண்டிப் பலகை தெரிந்ததும் பிரேக் பிடித்து இறங்கினார். மற்றவர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை, நான் ஒருத்திதான். ஏறி மிதித்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. தள்ளிக்கொண்டுதான் போனார். பலகையைத் தொடவில்லை.

பந்தயம் இன்னும் பார்க்கிறார். சந்தேகமும் அப்படியே இருக்கிறது. "ஊசி ஏறியிருக்கு இவனுக்கு" என்று கத்துவார். "உங்களுக்கும்தான்" என்பேன். "நான் தடை அனுபவிக்கிறேன், இவன் பூங்கொத்து வாங்குறான்" என்பார். அவர் சொல்வது நியாயம்தான்.

போன வாரம் சந்தையிலிருந்து அரிசிப் பையோடு வந்தோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை. ஏறிக்கொண்டே என் கையிலிருந்த பையை வாங்கினார்.

"அந்தக் கையில தூக்காதீங்க."

"தெரியும்லா."

வலது கைக்கு மாற்றிக்கொண்டார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வாய் மூடியிருக்கு" என்றேன்.

அவர் உடனே வாயை அகலமாகத் திறந்து, நாக்கைத் தள்ளி, மூச்சு வாங்குகிற மாதிரி நடித்தார். மகா மட்டமான நடிப்பு. பிறகு வாயை மூடிக்கொண்டு மேலே போய்விட்டார். நான் கம்பியைப் பிடித்துப் பிடித்து, காது வழியாகவும் மூச்சு விட்டுக்கொண்டு, ரொம்பப் பின்தங்கி வந்து சேர்ந்தேன்.

வாசலில் அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். என் திறந்த வாயைப் பார்த்துக் கை தட்டினார்.